கடிதத்தில் வாங்கிய வீடு

போன மாதம் பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வெயில் விழும் சன்னல் பக்கமாகப் பார்த்து நம் வயதுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். மகன் கனடாவில் வாங்கிய வீடு, மகள் மெல்பர்னில் வாங்கிய வீடு. வாசல், சமையலறை, மாடிப்படி, பின்னால் கொஞ்சம் புல். பதுளையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருத்தி, "வாங்கி எட்டு மாசமாச்சு, நான் இன்னும் போய்ப் பாக்கல. முழங்கால் விடமாட்டேங்குது" என்றாள். அதன்பிறகு பேச்சு முழங்காலுக்குப் போய்விட்டது.

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போனில் படம் இல்லாத வீட்டை யாருக்கு எப்படிக் காட்டுவது? திரும்பி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, இதை எழுதத் தொடங்கினேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன். நம் வயதில் யாருக்கும் அவசரம் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு ஒரு காம்பரா. அதாவது ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்று சொல்லும் சின்னத் தாழ்வாரம். அங்கேதான் அடுப்பு, அங்கேதான் விறகு, அங்கேதான் விருந்தாளி. அப்பா தொழிற்சாலையில் தூள் காயவைக்கிற இயந்திரத்தில் வேலை. அவர் சட்டையைத் துவைத்தாலும் தேயிலை வாசம் போகாது. அம்மா கொழுந்து எடுத்தாள். அக்காவுக்குப் பதினைந்து வயது. எனக்குப் பத்து, பதினொன்று.

அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் பேசி நம் சனங்களைப் பிரித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். சிலருக்கு இலங்கை, சிலருக்கு இந்தியா. எங்களுக்கு இந்தியா விழுந்தது. அப்பா பிறந்ததே அந்த லயத்தில்தான். இந்தியாவை அவர் காலண்டரில் பார்த்ததோடு சரி. ஆனாலும் முந்தின வருஷமே போய்விட்ட சித்தப்பா, கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்து, நீல நிறக் கடிதங்கள் எழுத ஆரம்பித்ததும் அப்பாவுக்கு நடை மாறிவிட்டது.

அந்தக் கடிதங்களை வாசிப்பது என் வேலை. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கால் கழுவி, இஸ்தோப்பில் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து நான் வாசிப்பேன். பக்கத்துக் காம்பரா மாமாவும் அத்தையும்கூட வந்து நிற்பார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதை எனக்குப் பிறகு கிடைத்ததில்லை, முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தும்.

மழைக்காலம் முடியும் சமயம் வந்த ஒரு கடிதத்தில்தான் அந்த வீடு இருந்தது. ஒருவர் ஊரைவிட்டுப் போகிறாராம், வீட்டை விற்கிறாராம். மூன்று அறை. ஓட்டுக் கூரை. முன்னால் இரண்டு கல் படி. பின்னால் கிணறு, கிணற்றோரம் ஒரு பேரிக்காய் மரம். "அண்ணன் சம்மதித்தால் பேசி முடிக்கிறேன். கப்பலை விட்டு இறங்கி நேராக உங்கள் சொந்த வீட்டுக்கே வரலாம்" என்று சித்தப்பா எழுதியிருந்தார்.

"சொந்த வீடு" என்ற இடத்தில் அப்பா என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னார்.

லயத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் தோட்டத்துத் துரையைக் கேட்க வேண்டும். வேலை இருக்கும்வரைதான் கூரை. அப்பாவின் அப்பா செத்தபோது, பாடை இறங்கிய ஏழாம் நாள் அந்தக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். அப்பா அதை ஒருபோதும் கோபமாகச் சொன்னதில்லை.

வாசித்து முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அங்க எனக்கு என்னா வேல?"

"ஒனக்கு எதுக்கு வேல? வீடு இருக்குல்ல" என்றார் அப்பா.

அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை அவள் பிறகும் இரண்டு மூன்று தரம் கேட்டாள் என்று ஞாபகம். ஒவ்வொரு தரமும் அப்பா வீட்டைப் பற்றிப் பதில் சொன்னார். அம்மா கேட்டது வீட்டைப் பற்றி இல்லை என்பது எனக்கே அப்போது தெரியவில்லை, அவரைக் குறை சொல்லி என்ன?

வீட்டுக்காக அப்பா பசுமாட்டை விற்றார். பிறகு ரேடியோவை விற்றார். தோல் உறை போட்ட, முன்பக்கம் துளைத் துளையாக இருக்கும் சின்ன ரேடியோ. வாங்கியது பக்கத்துக் காம்பரா மாமாதான். லயத்துச் சுவர் கூரைவரை போகாது, மேலே இடைவெளி இருக்கும். ஆகையால் மறுநாளிலிருந்து எங்கள் ரேடியோ சுவருக்கு அந்தப் பக்கம் பாடியது. பாட்டு ஒன்றும் குறையவில்லை. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் எங்களுக்கு உரிமை இல்லை. செய்தி முடிந்ததும் அப்பா பழக்கத்தில் கையை நீட்டி அணைக்கப் போவார். அங்கே வெறும் பலகை இருக்கும்.

மாமா அப்பாவை எச்சரித்தார். கூடப்பிறந்தவன் என்றாலும் கடல் தாண்டிப் போனவனை நம்பிப் பணம் அனுப்பாதே, வீடும் இருக்காது மரமும் இருக்காது என்றார். லயம் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டது. அப்பா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துச் சமதரையில், குச்சிகளை நட்டு, தேங்காய்க் கயிற்றைக் கட்டி, சித்தப்பா எழுதிய அளவுப்படி வீட்டையே கட்டிவிட்டார். காலடி வைத்து வைத்து அளந்தார். இது முன் அறை, இது நடு அறை, இது சமையல்கட்டு. வாசலுக்குக் கயிறு இல்லாமல் இடைவெளி விட்டார். இரண்டு பெரிய கல்லைத் தூக்கி வந்து படியாகப் போட்டார்.

சனங்கள் வந்து பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே வந்தவர்கள்கூட வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். அத்தை சமையல்கட்டில் நின்று, அடுப்பு மேற்கே பார்த்து இருக்கிறதே என்று குறை சொன்னாள். அக்காவும் நானும் நடு அறையில் சன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டை போட்டோம். அக்கா மூத்தவள், அவள் ஜெயித்தாள். பாயைக் கொண்டுவந்து விரித்து அங்கேயே படுத்துக்கொண்டாள். வானத்தைப் பார்த்தபடி, "ஓடு எவ்வளவு செவப்பா இருக்கு பாரு" என்றாள்.

அம்மா அப்போது மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, குடம் இடுப்பில், கயிற்றைத் தாண்டி அறைகளுக்குக் குறுக்கே நடந்து போனாள். "ஏய், அது செவரு" என்றார் அப்பா. அவள் நின்று கீழே பார்த்தாள். பிறகு அடுத்த கயிற்றையும் தாண்டிப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவள் கால் சேற்றில் வழுக்காமல் இருக்கத்தான் குறுக்கு வழியில் போனாள் என்று இன்றைக்கு நினைக்கிறேன். வேறு எதுவும் நினைக்க வேண்டாம் என்றும் நினைக்கிறேன்.

மறுநாள் கயிறு இல்லை. யாரோ விறகு கட்ட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த கடிதம் வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

கடிதத்தை அப்பா முன்பே எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார். என்னிடம் கொடுக்கும்போது, கடைசியில் இருப்பதை வாசிக்க வேண்டாம், அது சித்தியின் நலம் விசாரிப்புதான் என்றார். நான் வாசித்துக்கொண்டே போனேன். எதிரே மாமா, அத்தை, அம்மா, அக்கா. கடைசி நாலு வரி கொஞ்சம் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தையும் தடுக்காமல் வாசிப்பேன் என்று காட்டவேண்டும் எனக்கு. வாசித்துவிட்டேன். சித்தி அம்மாவுக்கு எழுதியது அது.

"அக்காவுக்குத் தெரிவிப்பது. இங்கே ஆம்பளைகளுக்குத்தான் வேலை பதிகிறார்கள். எனக்கு இன்னும் வேலை இல்லை. நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். பேச ஆள் இல்லை."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அத மட்டும் இன்னொருவாட்டி படி" என்றாள். நான் படித்தேன். இன்னும் தெளிவாகப் படித்தேன். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எதையும் அவர் என்னிடம் கொடுக்கவில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் பேச்சுக்காரி இல்லை. ஆனால் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கங்காணி அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார். மலையில் அவள் பிடிக்கிற தேயிலை நிரையை வேறு யாரும் கேட்கமாட்டார்கள். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றப் பெண்கள் அவள் கூடையைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் கூடையைப் பார்ப்பார்கள். அந்த மழையிலும் அட்டையிலும் ஒரு மனுஷிக்கு என்ன பெருமை இருக்க முடியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவளுக்கு இருந்தது.

வீடு வாங்கியாகிவிட்டது என்று தகவல் வந்த நாள் அப்பா முட்டாய் வாங்கிவந்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அவரே தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தனியாக உட்கார்ந்து, கூட்டிக் கூட்டிப் படித்தாராம். ஒரு வாரம் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "என்னா?" என்பாள் அவள். "ஒண்ணுமில்ல" என்பார். என்னிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை என்ற கோபத்தில் நான் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை.

பயணத்துக்கு நாள் குறித்தார்கள். போகிறவர்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பேர் வெட்டிக்கொள்ள வேண்டும். வேலையை விட்டதாகக் கையெழுத்து வைத்தால் சேர்ந்திருக்கும் பணம் வரும். அப்பா ஒரு காலையில் வெட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அம்மா போனாள். சாயங்காலம் அவள் திரும்பி வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறி மடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் பயணக் காயிதம் வரலையாம். கொஞ்ச நாள் செல்லுமாம். நீங்களும் பெரியவளும் மொதல்ல போங்க. நான் சின்னவளக் கூட்டிக்கிட்டுப் பின்னால வாறேன்."

அப்பா நம்பினார். ஆபீஸ் என்றால் தாமதம் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிப் போட்டு வைத்தால் யாராவது குடியேறிவிடுவார்கள் என்று சித்தப்பா வேறு எழுதியிருந்தார். அக்கா போனால் அப்பாவுக்குச் சமைத்துப் போடலாம். ஆறு மாதம்தானே. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தெமோதரை ஸ்டேஷனை அறிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். பதுளையிலிருந்து ஏறிவரும் கோச்சி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி வளைந்து ஏறி, பிறகுதான் மேடைக்கு வரும். முதலில் காலுக்குக் கீழே தரை லேசாக நடுங்கும். கோச்சி வந்துவிட்டது. ஆனால் இன்னும் வரவில்லை. அன்றைக்கு அந்தச் சில நிமிஷங்கள் எங்களுக்கு இருந்தன. ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஏறும் வண்டியை அழுகைக் கோச்சி என்று சொல்வோம். மேடையில் எங்களைப் போல இன்னும் நாலைந்து குடும்பம். தரை நடுங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள்.

அம்மா அழவில்லை. அக்காவின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். இறுக்கமாகப் பின்னினாள். "வலிக்குதும்மா" என்றாள் அக்கா. அப்பா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, எனக்கு வாங்கிவந்த மாலுபணிஸை, மீன் வைத்த பன்னை, இரண்டாகப் பிய்த்து, சூடு போகட்டும் என்று ஊதினார். அது ஆறித்தான் இருந்தது. "பேரிக்கா பழுக்கறதுக்குள்ள வந்துருங்க" என்றார்.

கோச்சி போனபின் நாங்கள் இருவரும் தண்டவாளத்து ஓரமாகவே நடந்து திரும்பினோம். காம்பரா பெரிதாகத் தெரிந்தது. நடுவில் நான் கையை விரித்துச் சுற்றினேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. அப்பாவின் கடிதங்களை இப்போது நான்தான் வாசித்தேன், எழுதுவதும் நான்தான். வா என்று அவர் எழுதுவார். காயிதம் வரவில்லை என்று அம்மா சொல்ல நான் எழுதுவேன். லயத்தில் பேச்சு மாறியது. அவன் அங்கே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், அதனால்தான் இவர்களைக் கூப்பிடவில்லை என்றார்கள். பீலியில் என் காதுபடவே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். "சொல்றவங்க சொல்லட்டும்" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அந்த லயத்துப் பேச்சையே நம்பி வளர்ந்தேன். அப்பாவுக்கு எழுதும் கடிதங்களில் என் பங்குக்கு எழுதும் வரிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். கடைசியில் நலம் என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் வருஷம் சண்டை வந்தது. தலைமன்னாரிலிருந்து போகும் கப்பல் நின்றுவிட்டது. பிளேன் டிக்கெட் எல்லாம் நமக்கு எட்டாத பேச்சு. அதோடு அந்தக் கதவு மூடியது.

எனக்கு ஆசிரியையாக வேலை கிடைத்த வருஷம், அம்மாவின் பழைய விபரங்கள் ஏதோ தேவைப்பட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளாக்கர் ஐயா வயதானவர். ஏட்டைப் புரட்டிவிட்டு, "ஒங்கம்மா பேர் வெட்டச் சொல்லிக் கேக்கவே இல்லியே, புள்ள" என்றார். "அன்னைக்கு வந்தாங்க. அந்த பெஞ்சில ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. அலுப்பாகத்தான் சொன்னாள். "நான் வராட்டி அவரு திரும்பி வந்துருவாருன்னு நெனச்சேன். அவரு அங்க இருந்தா நான் வந்துருவேன்னு அவரு நெனச்சாரு. நடுவுல கப்பல் நின்னு போச்சு."

அவ்வளவுதான் அவள் விளக்கம். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. சித்தியின் நாலு வரி ஞாபகம் வந்ததும் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

பிறகு போன் வந்த காலத்தில் எப்போதாவது பேசுவார்கள். "வாறியா?" என்பார் அப்பா. "முட்டி வலி" என்பாள் அம்மா. "இங்கயும் அதான்" என்பார். அக்காவுக்கு அங்கே கல்யாணமாகி, ஒரு பையன் பிறந்து, அவள் புருஷனும் செத்து, அவள் மறுபடி அப்பாவோடு அந்த வீட்டிலேயே இருந்தாள். இதெல்லாம் போனில் கேட்டதுதான். நேரில் ஒன்றுக்கும் நாங்கள் இல்லை.

சண்டை ஓய்ந்தபின் ஒரு வருஷம் அப்பா இறந்தார். அடுத்த வருஷம் அக்கா வந்தாள். முப்பது வருஷம் கழித்து. பதுளை பஸ் நிலையத்தில் இறங்கிய நரைத்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. கிட்டே போய் அவள் தலையைத் தொட்டு, "முடியெல்லாம் கொட்டிருச்சேடி" என்றாள்.

அக்கா ஒரு பத்திரத்தோடு வந்திருந்தாள். வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற அம்மாவின் கைநாட்டு வேண்டும் என்றாள். புருஷன் சொத்து, பெண்சாதி கைநாட்டு, வழக்கம்தானே என்று நாங்கள் விளக்கம் கேட்கவில்லை. பதுளையில் பத்திரம் எழுதி அத்தாட்சி வைக்கும் ஒரு நொத்தாரிசிடம் போனோம். கைநாட்டு வாங்குமுன் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மேற்படி வீட்டுக்கும் நிலத்துக்கும் கிணற்றுக்கும் கிரய நாள் முதல் உரிமையாளரான, என்று வந்து, அம்மாவின் பெயரை, அவள் தகப்பன் பெயரோடு சேர்த்து வாசித்தார்.

"அது எம் பேரு" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. வீடு வாங்கின அன்னையிலேருந்து ஒங்க பேருலதான இருக்கு."

அம்மா அக்காவைப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே நாங்களும் போனோம். தெருவைப் பார்த்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா சொன்னாள். வாங்கும்போதே அம்மா பெயரில் எழுதச் சொல்லி அப்பா சித்தப்பாவுக்கு எழுதியிருக்கிறார். எழுதியாகிவிட்டது என்று சித்தப்பா பதில் போட்டதுதான் அந்தத் தொழிற்சாலைக் கடிதம். ஒரு ஓடு குறையாமல் சித்தப்பா சொன்ன வீடேதான் அது. அம்மா வந்து வாசலில் நின்றதும் சொல்ல வேண்டும் என்று அப்பா வைத்திருந்தார். போனில் சொல்லுங்கள் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வாசலில் வைத்துத்தான் சொல்வேன் என்பாராம்.

"என் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கக்கூட முடியல, பேரு ஒன்னோடது" என்றாள் அக்கா. "வாடகைக்கு ஒரு ரூம் கேட்டு யாரும் வந்தா, 'வீட்டுக்காரியக் கேக்கணும்'னு சொல்லி அனுப்பிருவாரு. பொண்டாட்டி இலங்கையில இருக்கா, அவளக் கேக்கணுமாம்னு ஊரே சிரிக்கும். அவரு சொன்னது வேறன்னு யாருக்கும் தெரியாது."

"நீ சொல்லிருக்கலாமேக்கா" என்றேன் நான்.

"சொல்லிருக்கலாம்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் வராம இருந்துட்டீங்க. ஒங்களுக்கு நான் எதுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு."

தெருவில் காய்கறி லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள். அந்தக் கடிதத்தை நான் வாசித்திருந்தால் என்று எனக்குள் ஓடியது. அந்த நாலு வரியை நான் வாசிக்காமல் இருந்திருந்தால், இதையும் என்னிடம் கொடுத்திருப்பார். ஆனால் சித்தி எழுதியது பொய் இல்லையே. அம்மா கேட்ட கேள்விக்கு அந்த வீட்டிலிருந்து வந்த ஒரே நேரான பதில் அதுதானே.

"சொல்லியிருந்தா போயிருப்பியான்னு மட்டும் யாரும் என்னக் கேக்காதீங்க" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியல."

உள்ளே போய்க் கட்டைவிரலை நீட்டினாள். நொத்தாரிசு மையில் தோய்த்து, மூன்று இடத்தில் பதித்தார். அவள் விரலில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஒன்று சரியாக விழவில்லை என்று நாலாவது தரமும் வைக்கச் சொன்னார்.

அக்கா மொத்தம் ஐந்து நாள் இருந்தாள். லயத்துக்குப் போனோம். எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. பக்கத்துக் காம்பரா மாமாவும் அத்தையும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு நாள் மழை. என் வீட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் பேசியதைவிடத் தேநீர் குடித்ததே அதிகம். அக்காவின் கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. போகிற அன்று காலையில் அம்மா அவளுக்குப் பின்னல் போட வந்தாள். அக்கா, கொண்டைதான் போடுவேன் என்று தானே முடிந்துகொண்டாள்.

பத்திரத்துக்குக் கண்டியில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் ஒரு முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அதனால் அவள் கண்டி பஸ்ஸில் ஏறினாள். வரவேண்டாம் என்று சொல்லியும் அம்மா கேட்கவில்லை. பஸ் நிலையம்வரை பையைத் தானே தூக்கி வந்தாள். அக்கா சன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் இன்னும் ஏறவில்லை. அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டப் பூட்டிட்டுத்தான வந்த?"

அந்த வீட்டைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி அது.

"பூட்டிட்டுத்தாம்மா வந்தேன்."

"சாவி?"

"பக்கத்து வீட்ல குடுத்திருக்கேன்."

"போனதும் மறக்காமக் கேட்டு வாங்கிரு" என்றாள் அம்மா.